பின்மூடி

விவாகரத்தில் கேமரா எனக்கு வந்தது,
லென்ஸ் இரண்டும் அவ்தாந்திலுக்கு.
இரண்டும் வேறு வேறு சாமான் என்று
வக்கீலுக்கு யார் சொன்னார்களோ.
மூன்று வருடம் அலமாரியில்
வாயைத் திறந்தபடி கிடந்தது என் ஃபெட்.
தூசி போகாதிருக்க ஜாம் புட்டியின் மூடியை
ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவைத்திருந்தேன்.

பிப்ரவரி ஞாயிறு. திபிலிசியின் வறண்ட பாலம்.
அடியில் ஆறு இல்லை, கார்கள்தான்.
கம்பளியில் பரப்பிய பதக்கங்கள், கரண்டிகள்,
பல் மருத்துவரின் இடுக்கிகள் தாண்டி
ஜும்பேர். விரல்நுனி வெட்டிய கையுறை.
கார் பானட்டின்மேல் முப்பது லென்ஸ்கள்
வானம் பார்த்து.
பனி விழுந்தால் மூட ஒரு குளியலறைத் திரை.

பாடம் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன்.
முதலில் குலுக்கு. கிலுகிலுத்தால் வேண்டாம்.
பின்னாலிருந்து டார்ச் அடி.
தூசி இருக்கலாம், படத்தில் விழாது.
கீறல் முன்கண்ணாடியில் என்றால் பேரம்,
பின்கண்ணாடியில் என்றால் ஒரு கும்பிடு.
பூஞ்சை ஓரத்திலிருந்து கால் நீட்டி வரும்.
மூட்டம் எங்கிருந்தும் வராது,
இருந்தபடியே இருக்கும்,
வெளிச்சம் பட்டால்தான் தெரியும்.
அதைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை.

ஒரு இண்டஸ்டார்: கிரீஸ் கெட்டு
ஊறுகாய் ஜாடி மூடிபோல் இறுகியது.
ஒரு முப்பத்தைந்து: பின்புறம் முட்டையாய்ப் புடைத்து
உள்ளே எதையாவது இடித்துவிடும் என்ற பயம்.
ஒரு ஜூப்பிட்டர், வெள்ளி உடம்பு, ஐம்பது.
வளையத்தில் மூன்று மீட்டருக்கு மேல்
சிவப்பு நகப்பூச்சு, ஒரு பொட்டு.
எங்கள் சமையலறை மேசையிலிருந்து கதவு வரை
மூன்று மீட்டர்.
நான் வைத்த பொட்டு.

முன்பின் அறியாதவள்போல் எடுத்தேன்.
குலுக்கினேன். டார்ச் அடித்தேன்.
கண்ணாடி சுத்தம். அவ்தோ ஒருமுறை
நாளிதழ் விரித்து ராத்திரி முழுக்கப்
பிரித்துத் துடைத்துப் பூட்டினான்.
மூச்சுவிடாதே என்றான் என்னிடம்.

“அது உங்களுக்கு வேண்டாம்” என்றார் ஜும்பேர்,
விற்க வந்தவர்.
ஒரு பழைய கேமராவின் முதுகைத் திறந்து
பிலிம் ஓடும் தடத்தில் டிரேசிங் தாள் ஒட்டி
ஷட்டரைத் திறந்தே வைத்து
தூரத்துக் கோபுரத்தைக் காட்டினார்.
ஜன்னலில் இரண்டு பிம்பமும் ஒன்றில் ஒன்று அமர்ந்தன.
தாளிலோ கோபுரம் ஊறிப்போய்க் கிடந்தது.
“எவனோ கழற்றிப் பூட்டியிருக்கிறான்.
உள்ளே ஒரு பித்தளை வளையம் இருக்கணும், தாள் கனத்தில்.
காணோம்.
ஆள்மேல் வைத்தால் ஆளுக்குப் பின்னால் போய் விழும்.”

ஆறு வருடம்.
பத்தூமி கடற்கரை, அவன் தங்கை கல்யாணம்,
மாடிக்குக் குடிவந்த நாள்.
எல்லாவற்றிலும் சுவர்க்காகிதத்தின் பூக்கள் கூர்மை,
ஆட்கள் ஆவி.
உன் கை நடுங்குகிறது, எத்தேரி.
நடுங்குகிறதாக்கும் என்றுதான் நானும்
முழங்கையை விலாவில் குத்திக்கொண்டு
கதவுநிலையில் சாய்ந்து
மூச்சைப் பிடித்துக்கொண்டு.

ஜும்பேரிடம் ஒன்றும் சொல்லவில்லை.
இண்டஸ்டாரை எழுபதுக்கு வாங்கினேன்.
தொண்ணூறு சொன்னார். இறுகிய திருகுக்குப் பத்து,
குளிருக்குப் பத்து.

வீட்டில் பொத்தான் டப்பாவைக் கவிழ்த்தேன்.
கொக்கி, கோட்டுப் பொத்தான், அறுந்த ஜிப்பின் நாக்கு,
அடியில் அது.
எந்தக் குழாய்க்கோ எந்தப் பூட்டுக்கோ என்று
எறியாமல் வைத்தது.
மோதிரத்துக்குப் பெரிசு, வளையலுக்குச் சிறிசு.

அடுத்த ஞாயிறு கொண்டுபோனேன்.
ஜூப்பிட்டரை ஒரு போலந்துக்காரன் வாங்கிப்போனானாம்,
அலமாரியில் அழகுக்கு வைக்க.
“அவனிடமும் சொன்னேன். பரவாயில்லை என்றான்.”
வளையத்தைத் தூக்கிப் பிடித்து
ஒரு கண்ணை மூடி
அதன் வழியே என்னைப் பார்த்தார் ஜும்பேர்.
எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை.
இருமல் மாத்திரை டப்பாவில் போட்டுக்கொண்டு
காரின் பின்சீட்டில் வெகுநேரம் துழாவி
பதிலுக்கு ஒரு பின்மூடி தந்தார்,
பேக்லைட், விளிம்பு உடைந்தது.

மூடுவதற்கு லென்ஸ் இல்லை என்னிடம்.
இருப்பது ஒன்று, அது கேமராவில் இருக்கிறது.
பையில் போட்டுக்கொண்டேன்.
முட்டைபோல் புடைத்த அந்த முப்பத்தைந்து
இன்னும் பானட்டின் மேலேயே இருந்தது.
என்ன விலை என்றேன்.